காலி வயிற்றோடு போன கொடையாளி

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். கிள்ளானில் தூறல். குடை பிடித்தால் நாலு பேர் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் இரண்டு நாள் தும்ம வேண்டும், அந்த மாதிரித் தூறல். அந்த நிமிடத்தில் எழுபத்து மூன்று வயதான நான், என் ஆயுளிலேயே மிகச் சுத்தமான வயிற்றோடு வாசலில் டாக்சிக்குக் காத்திருந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை. (என் மனைவி இந்த வரியை ஒப்புக்கொள்ளவில்லை. இதைவிடப் பெரியது இரண்டு இருக்கிறதாம்.)

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் எண்ணுவதற்கு மூட்டை இல்லாமல் போனது. அன்றிலிருந்து படிகளை எண்ணுகிறேன், தட்டில் விழும் இட்லியை எண்ணுகிறேன், கோயில் வாசலில் செருப்பை எண்ணுகிறேன். மிச்ச நேரத்தில் கவலைப்படுவேன். கேஸ் மூடியதா, கேட் பூட்டியதா, பூட்டிய கேட்டைப் பூட்டியதாக நினைத்துக்கொண்டோமா என்று.

என் மனைவி தனலட்சுமி நேர் எதிர். பெயரில் மட்டும்தான் தனம். மீன்காரரிடம் விலை கேட்க மாட்டாள். மீதிச் சில்லறையைப் பார்க்காமல் கைப்பைக்குள் போடுவாள். நாற்பத்தாறு வருடம் நான் எண்ணினேன், அவள் வாழ்ந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு வயிறு கெட்டது. சிறுநீரகத் தொற்றுக்குக் கொடுத்த மாத்திரை தொற்றைக் கொன்றது. கூடவே குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டது. காலியான இடத்தில் ஒரு கெட்ட கிருமி குடியேறியது. அதற்கு மருந்து கொடுத்தால் போகும், மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும். எட்டு மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறை பதினோரு நாள் வார்டில் கிடந்தாள். ஐம்பத்து நான்கு கிலோவாக இருந்தவள் நாற்பத்தொன்றுக்கு வந்தாள். வீட்டில் இரண்டு கழிவறை. ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கி, வாசலில் ஒரு நாற்காலியும் போட்டு வைத்தோம்.

அப்போதுதான் கோலாலம்பூரில், பங்சார் பக்கத்தில் ஓர் ஆய்வு மையத்தைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் அகிலா. கோயம்புத்தூர்க்காரர், இங்கே வந்து நான்கு வருடம். நல்ல குடல் உள்ள ஒருவரிடமிருந்து கிருமிகளை எடுத்து, சுத்திகரித்து, மாத்திரையாக்கி, நோயாளிக்குக் கொடுக்கும் ஆய்வு அது. எதிலிருந்து எடுப்பார்கள் என்று நான் கேட்டேன். அவர் சொன்னார். தனம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அப்படியே குடுத்தா வயித்து அமிலத்துல பாதி வழியிலேயே செத்துடும் சார். அதனால ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியா ஒரு மேலுறை போடறோம். ரெயின்கோட் மாதிரி. குடலுக்குப் போனதும் கழண்டுடும்."

"ஒவ்வொண்ணுக்குமா? யாரும்மா மாட்டி விடுறது?"

"அதுவே ஒட்டிக்கும் சார். கிருமியோட மேல்பக்கம் ஒரு வகை மின்னூட்டம், நாங்க கரைக்கற பொருளுக்கு நேர் எதிர் வகை. காந்தம் மாதிரி இழுத்துக்கும். அந்த உறையோட தடிமன் நானோ அளவு. உங்க தலைமுடி ஒண்ண நீளவாக்குல ஆயிரமாப் பிளந்தா, அதுல ஒரு பிளவு."

(என் தலையில் பிளப்பதற்கு அதிகம் இல்லை. இருந்தாலும் விஷயம் புரிந்தது.)

"என் வயித்துல எத்தனை கிருமி இருக்கும்?"

"மொத்த உடம்புலயும் ஏறத்தாழ முப்பத்தெட்டு லட்சம் கோடின்னு ஒரு மதிப்பீடு."

"ஏறத்தாழன்னா? யாரு எண்ணினது?"

டாக்டர் அகிலாவை முந்திக்கொண்டு தனம்தான் சொன்னாள். "விடுங்கம்மா. இனிமே இவரு தூங்க மாட்டாரு."

கொடையாளியாக முதலில் பார்த்தது ஷா ஆலமில் இருக்கும் எங்கள் மகன் குமரனை. அவன் போன மாதம் பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தான், தள்ளிவிட்டார்கள். அடுத்தது நான். என் வாழ்நாளில் நான் அந்த வகை மாத்திரை தொட்டதில்லை. தைரியத்தால் அல்ல, பயத்தால். கூட வரும் துண்டுச் சீட்டில் பக்க விளைவுகளை எண்ணிப் பார்ப்பேன், பத்தைத் தாண்டினால் விழுங்க மாட்டேன். (எல்லாமே பத்தைத் தாண்டும்.) இரத்தம் எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் அகிலாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சார், உங்க குடல் ஒரு மழைக்காடு. இவ்வளவு வகை நான் பார்த்ததே இல்ல."

ஏழாம் வகுப்புக்குப் பிறகு எதிலும் நான் முதலாவதாக வந்ததில்லை. டீக்கடையில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். குமரன் தொலைபேசியில் கெஞ்சினான்: "அப்பா, போதும்பா, வெளிய சொல்லாதீங்க. ஆளுங்க என்கிட்ட கேக்குறாங்க."

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜூன் 14 காலை ஒன்பது மணிக்கு நான் மையத்துக்குப் போய், அங்கேயே கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். உறை போடும் கருவியை அன்றைக்கென்று பதிவு செய்திருந்தார்கள். தனத்துக்கும் அன்று பரிசோதனை. இரண்டு நாள் முன்பு மையத்துத் தாதி பிரேமா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அங்கிள், நீங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ண வேணாம் லா. எப்பவும் சாப்பிடறத சாப்பிட்டு, வழக்கம்போல வாங்க. அது போதும்."

இங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் ஆட்களிடம் "ஒன்றும் கொண்டுவர வேண்டாம்" என்று சொன்னால் என்ன பொருள்? பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று பொருள். "சும்மா வந்துட்டுப் போங்க" என்றால் பட்டுச்சேலை கட்ட வேண்டும் என்று பொருள். வெறுங்கையோடு போனால் அதை இருபது வருடம் பேசுவார்கள். அந்தப் பெண் மரியாதைக்குச் சொல்கிறார், நாம் புரிந்து நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அதோடு இன்னொரு உறுத்தலும் இருந்தது. நான் கொடுக்கப்போவதைத்தான் தனம் விழுங்கப்போகிறாள். நாற்பத்தாறு வருடத்தில் அவளுக்கு நான் பெரிதாக எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. கடைசியில் கொடுக்கப்போவது இது. இதையாவது சுத்தமாகக் கொடுக்க வேண்டாமா? சுத்தம் என்றால் நான் வளர்ந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். பள்ளி விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை, மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அது.

லிட்டில் இந்தியாவில் ஒரு புட்டி விளக்கெண்ணெய் வாங்கினேன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, தனம் படுத்திருந்தபோது, இரண்டு மேசைக்கரண்டி. ஏழு மணி வரை ஒரு சலனமும் இல்லை. எண்ணெய் போலி என்று சந்தேகப்பட்டு இன்னும் இரண்டு கரண்டி. எண்ணெய் போலியில்லை. அன்றிரவு நான் எத்தனை முறை எழுந்தேன் என்பதை, எண்ணும் தொழிலில் இருந்தவனாக இருந்தும், ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணவில்லை. விடிந்தபோது குளித்து, விபூதி பூசி, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் தயாராக நின்றேன். உள்ளே மழைக்காட்டைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டிருந்தேன்.

டாக்சியை ஓட்டி வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, நம் ஆள்தான். நானும் தனமும் பின்னால் உட்கார்ந்தோம். ஃபெடரல் நெடுஞ்சாலை ஏறிப் பத்து நிமிடம் ஆகவில்லை, இரண்டாவது இரண்டு கரண்டி இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அக்கா, கொஞ்சம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துறீங்களா?"

"இப்பதானே அங்கிள் ஏறினீங்க."

"கொஞ்சம் சீக்கிரம்."

அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அங்கிள், சீட்டு கவர் புதுசு லா," என்று சொல்லிக்கொண்டே இடது பக்கம் ஒடித்தார்.

திரும்பி வரும்போது சும்மா வர எனக்குக் கூச்சம். அவர்கள் கழிவறையைப் பயன்படுத்திவிட்டு ஒன்றும் வாங்காமல் போவதா? ஒரு பொட்டலம் புதினா மிட்டாய் வாங்கினேன். தனம் என்னைப் பார்த்தாள், மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த முறை நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் பேசினாள்.

"அக்கா, இப்ப வர்றதுல நிறுத்தாதீங்க. அங்க கவுண்டர்ல சாவி கேக்கணும், நேரமாகும். அதுக்கடுத்ததுல நிறுத்துங்க. சுத்தமா இருக்கும், தாழ்ப்பாளும் நல்லா விழும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. மெதுவா விடுங்க. வேற எதையாவது நினைங்க."

எட்டு மாதமாக ஆஸ்பத்திரிக்கென்று இந்தச் சாலையில் அவளோடு எத்தனை முறை போய் வந்திருக்கிறேன். வழியில் உள்ள பாலங்களை எண்ணியிருக்கிறேன். அவள் எண்ணியது வேறு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எந்தக் கதவு தாழ்ப்பாள் விழும், எங்கே தண்ணீர் வராது, எதுவரை தாங்கலாம் என்று முழு நெடுஞ்சாலையும் அவள் மனதில் இருந்தது. ஒரு வார்த்தை புலம்பியதில்லை. நான் பாலம் பதினாலு என்று சொன்னபோதெல்லாம் "அப்படியா" என்று கேட்டிருக்கிறாள்.

அவள் சொன்ன இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். மூன்றாவது இடத்தில் கவுண்டருக்குப் பக்கத்தில் கையில் கிடைத்தது கார் கண்ணாடி துடைக்கும் துணி. (எங்களிடம் கார் இல்லை.) அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தபோது தனம் என் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள்.

"என்னங்க. வெளக்கெண்ண வாடை வருது."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.

"குடிச்சீங்களா?"

"சுத்தமா போகலாமேன்னு..."

"அந்தப் புள்ள வழக்கம்போல வாங்கன்னுதானே சொல்லுச்சு?"

"அதெல்லாம் மரியாதைக்குச் சொல்றது தனம்."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டுநர் அம்மாவுக்கு விஷயம் புரிந்து அவரும் சேர்ந்துகொண்டார். "அங்கிள், நீங்க கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?" நானும் சிரித்தேன், ஜாக்கிரதையாக.

அந்தச் சிரிப்பு மையத்தின் வாசலோடு முடிந்தது.

டாக்டர் அகிலா கையுறையோடு தயாராக இருந்தார். அவருக்குப் பின்னால் அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. தாதி பிரேமா ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து நான் காலி டப்பாவோடு வெளியே வந்தேன்.

"பரவால்ல சார், அவசரமில்ல. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா வந்திருக்கேன்."

"சுத்தமான்னா?"

சொன்னேன். நான்கு கரண்டி என்றும் சொன்னேன், எண்ணிக்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தாதி பிரேமா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் அகிலா கையுறையைக் கழற்றினார்.

"சார், உங்க வீட்டுல குடியிருக்கறவங்களத்தான் நாங்க கூப்பிட்டோம். நீங்க அவங்கள எல்லாம் வெளிய துரத்திட்டு, காலி வீட்டப் பூட்டிச் சாவியோட வந்து நிக்கறீங்க."

"திரும்பி வர மாட்டாங்களா?"

"வருவாங்க. ஓரமா ஒளிஞ்சிருக்கறவங்க மறுபடி பெருகுவாங்க. ஆனா பேதி ஆன வயித்துல இருந்து இப்ப எதுவும் எடுக்க முடியாது. கருவி அடுத்து நமக்குக் கிடைக்கறது நாலு வாரம் கழிச்சு." அவர் தனத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குள்ள ஆன்டிக்கு நோய் திரும்பிட்டா, இந்த ஆய்வுல சேர்க்க முடியாது சார். மறுபடி வார்டுதான்."

நாற்பத்தொரு கிலோவில் இன்னும் ஒரு முறை வார்டு என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவன், கொடுக்கவே முடியாமல் செய்துவிட்டேன்.

திரும்பும் வழியில் இருபது நிமிடம் நான் எதையும் எண்ணவில்லை. பிறகு, "தனம், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம வாங்க," என்றாள். "நாலு வாரம்தானே. நான் தாங்குவேன். நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க."

அடுத்த நான்கு வாரம் என் வாழ்க்கையிலேயே மிக நீளமானது. டாக்டர் அகிலா சில பரிசோதனைக் காகிதப் பட்டைகளைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கத் துகள் பூசியிருந்தது. மூன்று நாளுக்கு ஒரு முறை என் பங்கிலிருந்து கடுகளவு எடுத்து, நீர்மத்தில் கரைத்து, பட்டையில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். வேண்டிய கிருமிகள் போதுமான அளவு இருந்தால் அவை தங்கத் துகள்களை ஒன்றாகக் கூட்டும். சிவப்பு மெல்ல நீலமாக மாறும்.

"தங்கமா?" என்று கேட்டாள் தனம். "கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான் வீட்டுக்குத் தங்கம் கொண்டு வந்திருக்கீங்க. அதையும் எங்க கொண்டுபோய் வைக்கிறீங்க பாருங்க."

முதல் பட்டை சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. நான் பயந்து இரண்டு மடங்கு சாப்பிட்டேன், வயிறு கனத்தது. பயந்து குறைத்தேன், தலை சுற்றியது. இதற்கு முன் நான் எப்படிச் சாப்பிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோனது. எழுபத்து மூன்று வருடம் ஒழுங்காகச் செய்ததை, செய்ய வேண்டும் என்று சொன்னவுடன் செய்யத் தெரியவில்லை. தனம் எதிரில் உட்கார்ந்து தன் கஞ்சியைக் கலக்கியபடி எனக்கு நடத்திக்காட்டுவாள். "காலையில மூணு தோசை. சட்னிய முதல்ல தீர்ப்பீங்க, அப்புறம் சட்னி இல்லைன்னு கோபப்படுவீங்க. கோபப்படுங்க." நான் கோபப்பட்டேன். "ஆங், இப்ப சரி."

அவள் தன் கழிவறைப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் நான் கூடத்தில் எழுந்து நிற்பேன். அவள் வெளியே வந்து, "ஒண்ணுமில்ல, உக்காருங்க," என்பாள். அந்த நாலு வாரமும் இப்படியே எழுந்து உட்கார்ந்தோம்.

ஆறாவது பட்டை ஊதா. ஏழாவது நல்ல நீலம், பள்ளிச் சீருடை நீலம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இருவரும் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று, "என்ன அண்ணே, நல்ல சேதியா?" என்று கேட்டார். "வீட்டுல எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க," என்றேன். அவர் எங்கள் வாசலில் செருப்புகளைத் தேடினார்.

ஜூலை 12, சனிக்கிழமை, மழையில்லை. நான் வழக்கம்போல மூன்று தோசை சாப்பிட்டு, வழக்கம்போல சட்னிக்குக் கோபப்பட்டு, வழிநெடுக எங்கும் நிற்காமல் மையத்துக்குப் போய், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். தாதி பிரேமா கைதட்டினார். ஒரு பெரிய மனிதனுக்கு அதற்காக யாரும் கைதட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

சில நாள் கழித்து மாத்திரைகள் தயாராயின. பன்னிரண்டு. சிறிய கிண்ணத்தில் வெள்ளையாக, வாசனையில்லாமல், எந்த மருந்தையும்போல இருந்தன. அதற்குள் நான் இருக்கிறேன் என்று நம்ப முடியவில்லை.

"ஒண்ணுல எத்தனை இருக்கும்மா?"

"எண்ண முடியாது சார்."

"ஏறத்தாழவாவது சொல்லுங்க."

தனம் முதல் மாத்திரையை எடுத்தாள். "நாப்பத்தாறு வருஷமா இவரு கோபத்த முழுங்கியிருக்கேன். இது என்ன பெருசு," என்று சொல்லி, ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டையும் நான் எண்ணினேன்.

இது நடந்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. நோய் திரும்பவில்லை. ஐம்பத்து மூன்று கிலோ. கழிவறை வாசலில் இருந்த நாற்காலியை எடுத்துத் தோட்டத்தில் போட்டுவிட்டாள், அதில் உட்கார்ந்துதான் பூ கட்டுகிறாள். ஒருவரை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, ஆய்வு முடியட்டும் என்று டாக்டர் அகிலா எச்சரிக்கிறார். எச்சரிக்கும்போதும் சிரிக்கிறார். அடுத்த வரிசையில் இன்னும் பல நோயாளிகள் சேர்ந்திருக்கிறார்களாம். அவர்களுடைய கொடையாளிகளிடம் தாதி பிரேமா இப்போது ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்கிறார்: "அங்கிள், வழக்கம்போலன்னா வழக்கம்போலதான். விளக்கெண்ண வேணாம்."

சொந்தக்காரர்களிடமிருந்தும் தப்பவில்லை. யார் வீட்டு விசேஷம் என்றாலும் அழைப்பு கொடுத்துவிட்டு, "மாமா, நீங்க வழக்கம்போல வந்தா போதும்," என்று சொல்லி, முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் படாத பாடு படுகிறார்கள்.

ஆனால் குமரனுக்கு வேறொரு சந்தேகம். செப்டம்பரில் ஒரு நாள் தனம் பாசாரிலிருந்து வந்தாள், பையை மேசையில் வைத்தாள், முட்டை அட்டையைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே திரும்பி நடந்தாள். "பத்துன்னு சொல்லி ஒம்பது வச்சிருக்கான்," என்றாள் வாசலிலிருந்து. நாற்பத்தாறு வருடத்தில் அவள் எதையும் எண்ணிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன்பின் பால்காரர் கொடுத்த மீதி, துவைக்கப் போட்ட காலுறை, நான் சாப்பிட்ட தோசை எல்லாம் கணக்கில் வந்தன. படுக்கும் முன் கேட் பூட்டியதா என்று இரண்டு முறை போய்ப் பார்க்கிறாள். குமரன் டாக்டர் அகிலாவையே கேட்டுவிட்டான்: கிருமியோடு குணமும் மாறுமா?

"அதுக்கெல்லாம் ஆதாரம் இல்ல," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "இருந்தாலும் நான் குறிச்சு வச்சுக்கறேன்," என்றார்.

இந்தக் கட்டுரையை முடிக்குமுன் அந்தச் சனிக்கிழமை எனக்கு எவ்வளவு செலவானது என்று கூட்டிப் பார்த்தேன். விளக்கெண்ணெய் ஆறு தொண்ணூறு. புதினா மிட்டாய் இரண்டு ஐம்பது. தண்ணீர் ஒன்று எண்பது. கண்ணாடித் துணி ஒன்பது தொண்ணூறு. சீட்டு கவர் தப்பித்ததற்காக ஓட்டுநர் அம்மாவுக்குக் கையில் கொடுத்தது இருபது. நாற்பத்தொரு ரிங்கிட் பத்து சென் என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "உங்களால ஜூலையில மறுபடியும் ஒரு தடவை போய் வந்தோமே. அந்த டாக்சி? போக நாப்பத்து மூணு, வர நாப்பத்தொண்ணு."

கோட்டை அடித்து, சேர்த்து எழுதினேன். நூற்று இருபத்தைந்து ரிங்கிட் பத்து சென்.

"இருங்க," என்றாள் தனம். "அந்த மிட்டாயில பாதி நான்தான் சாப்பிட்டேன். ஒண்ணேகால் கழிங்க."

ஆக மொத்தம், நூற்று இருபத்து மூன்று ரிங்கிட் எண்பத்தைந்து சென்.